மலையகத்தில் பிள்ளைக்கு வைத்தியம்: தோட்ட டிஸ்பென்சரியில் இருந்து பேராதனை வரை

இலங்கை மலையகத்து அரச ஆஸ்பத்திரிகளின் பிள்ளை வாட்டுகளை நம்பலாம். குறைகள் பெரும்பாலும் வாட்டுக்கு வெளியேதான் கிடக்கின்றன. லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) இருந்து வாட்டுக்குப் போய்ச் சேரும் வழியிலும், டிக்கட் வெட்டி (வாட்டில் இருந்து விடுவித்து) வீட்டுக்கு வந்த பிறகு வரும் இரண்டு மூன்று வாரத்திலும்தான் பிள்ளைகளின் நிலை மோசமாகிறது. அதனால் இந்த மதிப்பீட்டில் கட்டடத்தையும் கட்டிலையும் விட, போகும் வழியும் வரும் வழியும்தான் அதிகம் பேசப்படும்.

சேர்ப்பதற்கும், ஒட்சிசனுக்கும், ஒப்பரேஷனுக்கும் காசு கட்டவேண்டியதில்லை. ஆனாலும் பிள்ளை மூன்று நாள் வாட்டில் இருந்தால் தாய்க்கு மூன்று நாள் பேர் (நாள் சம்பளம்) போகிறது. தகப்பனின் பஸ் காசும் ஓட்டோ காசும் அதற்கு மேல். எந்த ஆஸ்பத்திரி எந்த நோய்க்கு என்று தெரிந்துகொண்டு போனால் ஒரு அலைச்சலாவது குறையும்.

தோட்ட டிஸ்பென்சரியில் ஈ.எம்.ஏ. (தோட்ட மருத்துவ உதவியாளர்) இருந்தால் சின்னக் காயத்துக்கு மருந்து கட்டவும், தடிமல், சிரங்கு, பூச்சிக்குளிசைக்கும் அது போதும். இரத்தம் பார்க்கவோ எக்ஸ்ரே எடுக்கவோ அங்கே வசதி இல்லை. காய்ச்சல் பிள்ளைக்கு அங்கே இரண்டு தரம் மருந்து வாங்கி, "இன்னும் ஒரு நாள் பார்ப்போம்" என்று இருந்து, மூன்றாம் நாள் இரவு வாகனம் தேடுவதுதான் திரும்பத் திரும்ப நடக்கிறது. தோட்டத்து வாகனத்துக்கு அனுமதி கேட்டு நிற்கும் நேரமும் அதோடு சேர்ந்துகொள்கிறது.

அதற்கு மேலே பிரதேச வைத்தியசாலை. மஸ்கெலியா, பொகவந்தலாவை, லிந்துலை போன்ற இடங்களில் டொக்டர் இருப்பார், கட்டில் இருக்கும், ஒட்சிசனும், மருந்தை ஆவியாக்கி மூச்சில் கொடுக்கும் நெபுலைசரும் கிடைக்கும். பிள்ளைகளுக்கான விசேட வைத்திய நிபுணர் மட்டும் இருக்கமாட்டார். அவர் ஆதார வைத்தியசாலையில் இருந்துதான் தொடங்குகிறார்: டிக்கோயா கிளங்கன், ரிக்கில்லகஸ்கட, தியத்தலாவை. நுவரெலியா, நாவலப்பிட்டி பெரியாஸ்பத்திரிகளும், பதுளையும் கண்டியும் அதற்கு மேல். எல்லாவற்றுக்கும் மேலே பேராதனையில் சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலை. கிளங்கனில் இந்திய உதவியோடு கட்டி 2017 மே மாதம் திறந்த 150 கட்டில் கட்டடம் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பெரிய ஆறுதல். பிள்ளை டொக்டரைப் பார்க்க நாவலப்பிட்டிக்கோ நுவரெலியாவுக்கோதான் போகவேண்டும் என்ற நிலை இப்போது அந்தப் பக்கத்தில் இல்லை.

எந்தப் பிள்ளையை நேரே ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்? மூன்று மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 38 பாகை செல்சியசோ அதற்கு மேலோ காய்ச்சல் இருந்தால், வேறு எந்தக் குணங்குறியும் இல்லாவிட்டாலும். பால் குடிக்க முடியாமல் போனால், குடித்தது எல்லாம் வாந்தியாக வந்தால், வலிப்பு வந்தால், எழுப்பியும் கண் திறக்காமல் சோர்ந்து கிடந்தால், மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்ளே குழிந்தால். மூச்சை எண்ணுவதற்குக் கருவி வேண்டாம், மணிக்கூடு போதும். பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணவேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் கணக்குப் பிழையாகிவிடும், ஏனென்றால் சின்னப் பிள்ளையின் மூச்சு ஒரே சீராக ஓடாது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 60, இரண்டு மாதத்தில் இருந்து ஒரு வயது வரை 50, ஒரு வயதில் இருந்து ஐந்து வயது வரை 40. இந்தக் கணக்கைத் தொட்டாலோ தாண்டினாலோ நிமோனியாவைச் சந்தேகிக்கவேண்டும். விறகுப் புகை வெளியே போக வழியில்லாத லயக் காம்பராவில் இருக்கும் பிள்ளைக்கு இதை எண்ணிப் பார்க்கத் தயங்கவே கூடாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. பிள்ளைக்கு மூச்சே திணறினால், வலிப்பு நிற்காமல் இருந்தால், குளவி கொட்டி முகம் வீங்கி இளைப்போ வாந்தியோ வந்தால், பெரிய ஆஸ்பத்திரியைத் தேடி ஓடாமல் கிட்ட இருக்கும் பிரதேச வைத்தியசாலையில் இறங்குங்கள். ஒட்சிசனும் வலிப்பை நிறுத்தும் மருந்தும் அட்ரினலின் ஊசியும் முதலில் கிடைப்பதுதான் உயிர். மிச்சத்துக்கு அவர்களே அம்புலன்சில் ஏற்றி அனுப்புவார்கள். மண்ணெண்ணெய் குடித்த பிள்ளைக்கு வாந்தி எடுக்க வைக்கவேண்டாம். வெளியே வரும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அதுதான் ஆபத்து.

1990 சுவசெரிய அம்புலன்ஸ் இந்த வரிசையில் அதிகம் பாராட்ட வேண்டிய சேவை. இலவசம், பயிற்சி பெற்ற உத்தியோகத்தர் கூட வருகிறார், ஒட்சிசன் உண்டு. ஆனால் தோட்டத்து விலாசம் அவர்களுக்குப் புரிவதில்லை. தோட்டத்தின் பேரை மட்டும் சொன்னால் நான்கு டிவிசனில் (தோட்டப் பிரிவில்) எது என்று தெரியாமல் வாகனம் சுற்றும். தோட்டம், டிவிசன், பிரதான ரோட்டில் எந்தச் சந்தியில் திரும்பவேண்டும், கடைசியாக வாகனம் வந்து நிற்கக்கூடிய இடம் எது என்று இந்த ஒழுங்கில் சொல்லுங்கள். அந்த இடம் பெரும்பாலும் பெக்டரியாகவோ கோயிலாகவோ பாடசாலையாகவோ இருக்கும். பிள்ளையைக் குறுக்குப் பாதையால் அங்கே தூக்கி வந்து வைத்துக்கொண்டு, ஒருவர் டோர்ச்சோடு சந்தியில் நிற்கவேண்டும். சிக்னல் விழும் இடத்தில் நிற்பவரின் போன் இலக்கத்தைக் கொடுங்கள். மூடுபனி இறங்கிய இரவில் இந்தச் சின்ன ஏற்பாடு பெரிய நேரத்தை மிச்சப்படுத்தும். எந்த ஆஸ்பத்திரி என்பதை அவர்கள்தான் தீர்மானிப்பார்கள். அதில் வாதாடி நேரத்தை வீணாக்கவேண்டாம்.

பிறந்த பிள்ளையைக் குளிரில் கொண்டுபோகும்போது கம்பளியில் சுற்றி மடியில் வைப்பதைவிட நெஞ்சோடு நெஞ்சாகக் கட்டிக்கொண்டு போவது நல்லது. பிள்ளைக்கு நெப்கின், தொப்பி, காலுறை மட்டும். தாயின் வெறும் நெஞ்சில் நிமிர்த்தி வைத்து, தலை ஒரு பக்கம் திரும்பி மூக்கு தெரியும்படி, சேலையால் இறுக்கிக் கட்டி, அதற்கு மேல் சுவெட்டரும் போர்வையும். கம்பளிக்கு வெப்பத்தை உண்டாக்கத் தெரியாது. குளிர்ந்த பிள்ளையைச் சுற்றினால் அது குளிர்ந்தே இருக்கும்.

இனி வாட்டு. ஆதார வைத்தியசாலைப் பிள்ளை வாட்டில் டொக்டர்மார் காலையும் மாலையும் பார்ப்பார்கள், நிபுணர் ரவுண்ட் வருவார், தாய் இரவும் பகலும் பிள்ளையோடு நிற்கலாம். வைத்தியத்தின் தரத்தில் ஹட்டன் பிள்ளைக்கும் கொழும்புப் பிள்ளைக்கும் இருக்கும் வித்தியாசம் பலரும் நினைப்பதைவிடக் குறைவு: நிமோனியா, இளைப்பு, வயிற்றோட்டம், டெங்கு எல்லாவற்றுக்கும் நாடு முழுக்க ஒரே வழிகாட்டல்தான். தாய்க்குத்தான் கஷ்டம். பல வாட்டுகளில் அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரை, இல்லாவிட்டால் பிள்ளையின் கட்டிலில் ஒரு ஓரம். கக்கூசு வாட்டுக்கு வெளியே, வெந்நீருக்கு வரிசை. பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய் தூங்காமலும் சாப்பிடாமலும் இருந்தால் பாலும் குறையும். கட்டடத்துக்குக் கோடிக்கணக்கில் செலவழிக்கும்போது, பிள்ளை வாட்டுத் தாய்மாருக்கு மடக்குக் கட்டிலும் ஒரு வெந்நீர்க் குழாயும் போடுவது பெரிய காரியமாக இருக்கக்கூடாது. இதை வைத்தியசாலை அபிவிருத்திச் சபைகள் எடுத்துச் செய்யவேண்டும்.

கொண்டுபோகவேண்டியவை: பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேடு (பெண் பிள்ளைக்கு ரோஸ், ஆண் பிள்ளைக்கு நீலம்), பழைய டயக்னோசிஸ் கார்டுகள் (நோயும் வைத்தியமும் எழுதித் தரும் அட்டைகள்), இப்போது குடிக்கும் மருந்து போத்தலோடு அப்படியே. பிளாஸ்க், மூடியுள்ள கோப்பை, கரண்டி, இரண்டு தொப்பி, காலுறை, தாய்க்கு ஒரு தடித்த போர்வை, சவர்க்காரம், போன் சார்ஜர். பால் குடிக்கும் சூப்புப் போத்தல் கொண்டுபோகவேண்டாம், வாட்டில் அனுமதிக்கமாட்டார்கள். கோப்பையால் கொடுக்கப் பழக்குவார்கள். நகையை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். தகப்பன்மாருக்குப் பார்வை நேரம் மட்டும்தான், அது ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். இரவு மாறி நிற்கப் பாட்டியோ சித்தியோ வரலாமா என்று மிஸ்ஸியிடம் (தாதியிடம்) முதல் நாளே கேட்டு வைத்தால் தாய்க்கு ஒரு இரவாவது ஓய்வு கிடைக்கும்.

சேலைன் ஏறும் கையைத் தாய் அடிக்கடி பார்க்கவேண்டும். கெனியுலா (சேலைன் ஏற்றும் சின்னக் குழாய்) இருக்கும் இடம் வீங்கினாலோ, வெளுத்துக் குளிர்ந்தாலோ, தொட்டால் பிள்ளை கத்தினாலோ உடனே மிஸ்ஸியைக் கூப்பிடுங்கள். மருந்து இரத்தக் குழாய்க்கு வெளியே இறங்குகிறது என்று அர்த்தம். இரவில் ஒரு மிஸ்ஸி முழு வாட்டையும் பார்க்கும்போது அதை முதலில் காணப்போவது நீங்கள்தான்.

டெங்குக் காய்ச்சலில் தாயின் வேலை இன்னும் கூட. நுவரெலியாக் குளிரில் நுளம்பு குறைவு என்பது உண்மை, ஆனால் கண்டி, கம்பளை, கொழும்புப் பக்கம் போய் வந்த பிள்ளைக்கு அந்தக் கணக்குச் செல்லாது. காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும்: பிள்ளையின் நிறையில் ஒரு கிலோவுக்கு 15 மி.கி., ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம், ஒரு நாளைக்கு நான்கு தரத்துக்கு மேல் இல்லை. 5 மி.லீ.யில் 120 மி.கி. உள்ள பாணி (சிரப்) என்றால் 8 கிலோப் பிள்ளைக்கு 5 மி.லீ. போத்தலில் அந்த எண்ணைப் பார்த்துத்தான் அளக்கவேண்டும். ஐபியூபுரோபன், டைக்குளோபெனாக் வேண்டாம், இரத்தக் கசிவைக் கூட்டும். வாட்டில் குடித்த அளவையும் சிறுநீர் அளவையும் மணி வாரியாக எழுதச் சொல்வார்கள். பம்பர்ஸ் கட்டிய பிள்ளைக்கு ஈரமானதை நிறுத்துப் பார்த்து, காய்ந்ததின் நிறையைக் கழித்தால் ஒரு கிராம் ஒரு மி.லீ. இதில் நடக்கும் பிழை, அன்பால் நடப்பது: பிள்ளை நல்லாக் குடிக்கட்டும் என்று சொன்ன அளவுக்கு மேல் கொடுத்துவிட்டு எழுதாமல் விடுவது. காய்ச்சல் இறங்கும் அந்த ஒன்றிரண்டு நாளில் இரத்தக் குழாயில் இருந்து நீர் கசிந்து நெஞ்சிலும் வயிற்றிலும் சேரும். கூடக் கொடுத்த தண்ணீரும் அங்கேதான் போகும், பிள்ளைக்கு மூச்சு முட்டும். காய்ச்சல் விட்டதால் சுகமாகிவிட்டது என்று வீட்டுக்குக் கேட்டு நிற்பதும் அந்த நாட்களில்தான் நடக்கிறது. சிவப்பு, மண்ணிறப் பானம், சாயத்தண்ணி (பால் இல்லாத தேநீர்) எதுவும் வேண்டாம். வாந்தியில் இரத்தமா பானமா என்று தெரியாமல் போகும்.

வயிற்றோட்டத்துக்கு வாட்டு தேவைப்படுவது குறைவு. ஒரு லீற்றர் ஜீவனிப் பாக்கெட்டை (வயிற்றோட்டத்துக்கான உப்புச் சர்க்கரைக் கரைசல் தூளை) ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் முழுதாகக் கரைக்கவேண்டும். பாதிப் பாக்கெட்டைக் கண் அளவில் கோப்பையில் கரைப்பதால் உப்புக் கூடும், பிள்ளைக்கு ஆபத்து. இரண்டு வயதுக்கு உட்பட்டவருக்கு ஒவ்வொரு வயிற்றோட்டத்துக்கும் 50 முதல் 100 மி.லீ., அதற்கு மேல் 100 முதல் 200 மி.லீ., கரண்டி கரண்டியாக. 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது.

மொழிதான் அடுத்த பெரிய குறை. நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தமிழ் பேசுகிறார்கள், தமிழ் அரசகரும மொழியும்தான். ஆனாலும் பல வாட்டுகளில் இரவு நேரத்தில் தமிழ் தெரிந்த ஒரு சிற்றூழியரைத் தேடவேண்டியிருக்கிறது. அவர் நல்ல மனதோடு சொல்வதில் பாதி தவறிப்போகும். "மூன்று நாளாகக் காய்ச்சல்" என்பது "மூன்று தரம் காய்ச்சல்" ஆகிவிட்டால் வைத்தியமே மாறிவிடும். அதற்கு வீட்டில் இருந்தே ஒரு தாள் எழுதிக்கொண்டு போங்கள்: காய்ச்சல் தொடங்கிய திகதியும் நேரமும், அளந்த பாகை, எத்தனை தரம் வாந்தி, கடைசியாகச் சிறுநீர் போன நேரம், பரசிட்டமோல் கொடுத்த நேரமும் மி.லீ.யும், பிள்ளையின் கடைசி நிறை, ஒத்துக்கொள்ளாத மருந்தின் பேர். எண்களை யாரும் வாசிப்பார்கள். ஒப்பரேஷனுக்குக் கையெழுத்துக் கேட்டால், தமிழில் விளக்கிய பிறகு போடுகிறோம் என்று சொல்வது உங்கள் உரிமை. அப்படிக் கேட்டதற்காக யாரும் பிள்ளைக்கு வைத்தியத்தைக் குறைக்கமாட்டார்கள்.

டிக்கட் வெட்டும் நாளில்தான் அதிகம் தவறுகிறது. மதியத்துக்குப் பிறகு டயக்னோசிஸ் கார்ட் கைக்கு வரும், கடைசி பஸ் போய்விடும் என்ற அவசரம், மருந்துக் கவுன்டரில் வரிசை. வாட்டை விட்டு இறங்கும் முன் நான்கு கேள்வி கேட்டே ஆகவேண்டும்: நோயின் பேர் என்ன, எந்த மருந்து எத்தனை நாள், எப்போது கிளினிக், எது நடந்தால் திரும்பி வரவேண்டும். கார்டைக் கொமியூனிகேஷன் கடையில் ஒரு போட்டோ கொப்பி எடுத்து, மூலத்தைப் பதிவேட்டுக்குள் வையுங்கள். பாணி மருந்துக்கு நீங்கள்தான் போத்தல் கொண்டுபோக வேண்டிவரும். கொதித்த நீரில் கழுவி நன்றாகக் காயவைத்த போத்தலாக இருக்கட்டும், ஈரம் இருந்தால் மருந்து கெடும். வீட்டுத் தேக்கரண்டிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. பார்மசியில் 5 மி.லீ. சிரிஞ்ச் ஒன்று வாங்கி ஊசியைக் கழற்றிவிட்டு அதால் அளந்து கொடுங்கள். கையிருப்பில் இல்லாத மருந்தை வெளியில் எடுக்கச் சொல்லித் துண்டு தந்தால், அரச மருந்துக் கடையான ஒசுசல இருக்கும் நகரத்தில் முதலில் அங்கே விலை கேளுங்கள்.

இளைப்புப் பிள்ளைகள் திரும்பத் திரும்ப வாட்டுக்கு வருவதற்குப் பெரும்பாலும் காரணம் பம்ப் (இன்ஹேலர்) பாவிக்கும் விதம். பம்பை நன்றாகக் குலுக்கி ஸ்பேசரில் (மருந்தைத் தேக்கி மூச்சில் கொடுக்கும் பிளாஸ்டிக் குழாயில்) பொருத்தி, மாஸ்க் மூக்கையும் வாயையும் காற்றுப் போகாமல் மூடியிருக்க, ஒரு தரம் மட்டும் அமுக்கி, ஐந்தாறு மூச்சு எடுக்க விடுங்கள். இரண்டாவது தரத்துக்கு முன் அரை நிமிடம் பொறுத்து மறுபடி குலுக்கவேண்டும். இரண்டு தரம் சேர்த்து அமுக்கினால் மருந்து ஸ்பேசரின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். அழும் பிள்ளைக்கு நெஞ்சுக்குள் போவது கொஞ்சம்தான். தூங்கும்போது கொடுப்பதும் அவ்வளவு பயன் தராது. மண்ணிறப் பம்புக்குப் பிறகு வாய் கொப்பளிக்க வையுங்கள். ஸ்பேசரைக் கிழமைக்கு ஒரு தரம் சவர்க்காரத் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் காயவிடவேண்டும். துடைத்தால் மின்னேற்றம் ஏறி மருந்தைப் பிடித்துக்கொள்ளும். நீலப் பம்ப் இளைப்பு வந்தால், மண்ணிறப் பம்ப் இளைப்பு வராமல் இருக்க. சுகமாக இருக்கிறது என்று மண்ணிறத்தை நிறுத்தும் குடும்பங்கள்தான் அடுத்த மழையில் நெபுலைசர் முன்னால் உட்கார்ந்திருக்கின்றன. இதை வாட்டில் ஒரு மிஸ்ஸி செய்து காட்டி, தாயும் திருப்பிச் செய்து காட்டிய பிறகுதான் டிக்கட் வெட்டவேண்டும்.

பேராதனைக்கு அனுப்பினால் பயந்துவிடவேண்டாம். இருதயம், சிறுநீரகம், ஒப்பரேஷன் போன்றவற்றுக்குத்தான் அனுப்புகிறார்கள். தாய் அம்புலன்சில் பிள்ளையோடு போகையில் கையில் காசும் சார்ஜ் உள்ள போனும் இருக்கட்டும், தகப்பன் பின்னால் வந்து சேர நேரமாகும். பிறகு வரும் மாதாந்தக் கிளினிக்தான் குடும்பத்தை அலைக்கழிக்கும்: விடியுமுன் பஸ், நம்பர், இரத்தம், மறுபடி இருட்டில் வீடு. பிள்ளையின் நிலை சீரான பிறகு, இடைக் கிளினிக்குகளைக் கிட்ட இருக்கும் ஆதார வைத்தியசாலைக்கு மாற்றிக் கடிதம் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் பலருக்கும் கிடைக்கிறது. செனல் பண்ணுவது (காசு கட்டித் தனியாரில் நிபுணரைப் பார்ப்பது) அவசரத்துக்கு உதவாது. இரண்டாவது அபிப்பிராயத்துக்கும், தமிழில் ஆற அமரக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வேண்டுமானால் அது பரவாயில்லை. கட்டணத்தை முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறந்த பிள்ளை பற்றி இன்னும் ஒன்று. முதல் 24 மணித்தியாலத்துக்குள் வரும் மஞ்சள் காமாலையும், இரண்டு கிழமை தாண்டியும் போகாத மஞ்சளும் வெயிலில் காட்டித் தீர்க்கிற மஞ்சள் இல்லை. மலம் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ போனால் அன்றே பிள்ளை டொக்டரிடம். அது பித்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம், அதற்கு ஒப்பரேஷன் 60 நாளுக்குள் நடந்தால்தான் பலன் கூட.

வீட்டுக்கு வந்த பிறகு பிள்ளையைக் கையில் எடுத்துக்கொள்ளவேண்டியவர் மிட்வைப் அம்மாதான் (மருத்துவிச்சி). நல்ல மிட்வைப் இருக்கும் டிவிசனில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அவருக்கு ஆஸ்பத்திரியில் இருந்து தகவல் தானாகப் போய்ச் சேருவது குறைவு. டிக்கட் வெட்டிய கிழமைக்குள் கார்டைக் கொண்டுபோய் நீங்களே காட்டி, பிள்ளையை நிறுத்துப் பதிவேட்டில் புள்ளி போட வையுங்கள். நோயில் தவறிய ஊசி இருந்தால் (9 மாதத்து எம்.எம்.ஆர். என்ற சின்னமுத்து ஊசி, 12 மாதத்து ஜே.ஈ. என்ற ஜப்பானிய மூளைக் காய்ச்சல் ஊசி அடிக்கடி தவறுபவை) அப்போதே புதுத் திகதி வாங்கிக்கொள்ளுங்கள். 2016 சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டில் 17.3 சதவீதம், தோட்டப்புறத்தில் 31.7. நிமோனியாவில் இருந்து எழும்பிய பிள்ளைக்கு இரண்டு கிழமை வரை நாளுக்கு ஒரு நேரச் சாப்பாடு கூடுதலாக வேண்டும்: முட்டை, பருப்பு, நெத்தலி, கீரையில் ஒரு கரண்டி எண்ணெய். நிறைக் கோடு கீழே இறங்கினால் திரிபோஷா (சத்துமா) கேட்டு வாங்குங்கள். அது அந்தப் பிள்ளைக்குத்தான், பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு நிலையத்தில்) விடும்போதும் தனி டப்பாவில் பேர் எழுதிக் கொடுங்கள். வீட்டில் எல்லாரும் பகிர்ந்து சாப்பிட்டால் அடுத்த மாதமும் அந்தப் புள்ளி அதே இடத்தில்தான் நிற்கும்.